சுசுருதர்: கையும் நூலும் இணைந்த பேராசான்

பாரத நாட்டின் பழம்பெரும் மேதைகளுள் சுசுருத முனிவரின் பெயரைக் கேள்விப்படாதார் அரியர். சத்திரசிகிச்சையின் தந்தை என்று மேடைதோறும் அவரைப் புகழ்கின்றோம். ஆனால் அவர் செய்தது யாது, செய்ய இயலாதென ஒப்புக்கொண்டது யாது என்று வினவினால் நம்மிற் பலர் மௌனமாகி விடுவோம். ஆகவே இவ்வாண்டு மலரில் அன்னாரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கண்ணின் மேலிமை சரிந்து விழும் நோயையே அவ்வரலாற்றுக்கு உரைகல்லாகக் கொள்வோம்.

சுசுருதர் விசுவாமித்திரரின் புதல்வர் என்பது மரபு. காசியரசரும் தன்வந்திரியின் அவதாரம் எனப் போற்றப்பட்டவருமாகிய திவோதாசரிடம் அவர் மாணவராய்ச் சேர்ந்தார். உடன் வந்த தோழர்களின் சார்பில், சத்திர வைத்தியத்தை முதன்மையாகக் கொண்டு ஆயுர்வேதத்தைப் போதிக்குமாறு ஆசிரியரை வேண்டியவர் இவரே. அந்தப் போதனையே சுசுருத சங்கிதை என்னும் நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. அவர் வாழ்ந்த காலம் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பார் சிலர். பிந்தியது என்பார் வேறு சிலர். நூலிற் பின்வந்தோர் சேர்த்தவையும் உண்டு. கண்ணோய்களைக் கூறும் உத்தரதந்திரமும் பிற்சேர்க்கையே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எனினும், அவர் பெயரால் வளர்ந்த மரபின் குரலை அந்நூல் முழுவதும் கேட்கலாம். நேபாளத்தில் கி.பி. 878ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அதன் ஏட்டுப்பிரதி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

சுசுருதரின் பெருமை, அவர் மாணவரைப் பயிற்றிய முறையிலே விளங்குகின்றது. ஏட்டை மட்டும் கற்றவனையும் அவர் ஏற்கவில்லை; கைப்பழக்கம் மட்டும் உடையவனையும் ஏற்கவில்லை. கீறுதலைப் பூசணி, வெள்ளரி முதலிய காய்களிற் பழக வேண்டும். தையலைத் துணியிலும் மெல்லிய தோலிலும் பழக வேண்டும். கட்டுப்போடுதலைத் துணிப்பாவையிற் பழக வேண்டும். உடலின் அமைப்பை அறியப் பிணத்தைக் கூட்டில் இட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, புல்லால் ஆன தூரிகையாற் படிப்படியாகத் தேய்த்து நீக்கி, உள்ளுறுப்புகளைக் கண்ணாரக் காண வேண்டும் என்றும் விதித்தார். 101 யந்திரங்களும் 20 சத்திரங்களும் அந்நூலில் வகுக்கப்பட்டுள்ளன.

இனிக் கண்ணிமைக்கு வருவோம். நூல் கூறும் 76 கண்ணோய்களுள் இமையைப் பற்றியவை மட்டும் 21. இமை மயிர் உட்புறம் திரும்பிக் கண்ணை உறுத்தும் நோய்க்கு அது கூறும் சிகிச்சை வியக்கத்தக்கது. புருவத்துக்கும் இமை மயிருக்கும் இடையே, குறித்த அளவு இடம் விட்டு, வாற்கோதுமை வடிவிலே தோலை அரிந்து நீக்க வேண்டும். குதிரை மயிராலே தைத்து, தேனும் நெய்யும் இட வேண்டும். நெற்றியிலே பட்டை கட்டித் தையல் நூலை அதனோடு பிணைக்க வேண்டும். புண் கூடியபின் தையலை எடுத்துவிட வேண்டும். நுணுக்கமான அளவும் நோயாளியின்பாற் கரிசனையும் இம்முறையில் ஒருங்கே காணப்படுகின்றன.

ஆயினும் அதே நூல், வாதத்தால் தாக்குண்டு அசைவற்றுப் போன இமையைத் தீராத நோய்களின் வரிசையிலே வைக்கின்றது. இதனைக் குறையென்று நாம் கருதலாகாது. தமது கைக்கு எட்டாததை எட்டாதென்றே எழுதிவைத்த நேர்மையே ஓர் ஆசானின் இலட்சணம். எல்லாம் எம் முன்னோர் அறிந்ததே என்று முழங்குவோர், அம்முன்னோரின் அடக்கத்தை அறியாதவராவர்.

அன்று தீராதது இன்று பெரும்பாலும் தீர்கின்றது. மேலிமையை உயர்த்தும் தசை பிறவியிலேயே வலிகுன்றியிருந்தாலும், முதுமையிலே அதன் பற்றுத் தளர்ந்தாலும் இமை சரியும். அத்தசையில் ஓரளவேனும் வலு இருப்பின், வைத்தியர் அதனைச் சுருக்கி இறுக்கித் தைப்பர். வலுவே இல்லையெனில், தொடையிலிருந்து எடுத்த நார்த்திசுவையோ சிலிக்கோன் இழையையோ கொண்டு இமையை நெற்றித் தசையோடு இணைப்பர். அதன்பின் புருவத்தை உயர்த்த, இமையும் உயரும். நெற்றிப் பட்டையில் நூலைப் பிணைத்த பழைய வைத்தியரின் கை இங்கே நினைவுக்கு வருகின்றதன்றோ? ஆனால் எல்லா இமைச்சரிவுக்கும் கத்தி மருந்தன்று. நரம்புக்கும் தசைக்கும் இடையே உண்டாகும் ஒருவகைத் தளர்ச்சிக்கு மருந்தே முதற் சிகிச்சை. திடீரென ஓரிமை விழுந்து, தலைவலியும் இரட்டைப் பார்வையும் தோன்றினால் உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

இத்தகைய மரபு நம்மிடையே ஏன் தேய்ந்தது? பிணத்தைத் தொடுதல் தீட்டு என்றாயிற்று. கத்தி பிடிக்கும் கை தாழ்ந்த கை என்றாயிற்று. நூல் ஒரு சாதியாரிடமும் கைத்தொழில் வேறொரு சாதியாரிடமும் பிரிந்து நின்றன. 1794ஆம் ஆண்டில் இலண்டன் சஞ்சிகையொன்று, மூக்கு அரியப்பட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்குப் பூனாவுக்கு அண்மையில் புதுமூக்கு அமைக்கப்பட்ட செய்தியை வெளியிட்டது. அதனை அமைத்தவர் செங்கல் செய்யும் குலத்தவர். ஆங்கில வைத்தியர் கார்ப்யூ அம்முறையைப் பயின்று, 1814இல் தாமும் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். நாம் தாழ்த்திய கையிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

மலைநாட்டு மக்களாகிய நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. கொழுந்து பறிக்கும் கைகளையும் கவ்வாத்து வெட்டும் கைகளையும் குறைவாக மதிப்போர் இன்றும் உளர். அக்கைகளின் பிள்ளைகள் நூலையும் கற்றுச் சத்திர வைத்தியராக எழுவதே சுசுருதருக்கு நாம் செய்யும் பூசையாகும்.

பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். இமை சரிந்து பிறந்த பிள்ளையைத் தூங்குமூஞ்சி என்று அழைப்பதும், கண்ணூறு என்றும் தலைவிதி என்றும் விட்டுவிடுவதும் நம் லயங்களிற் காணாதனவல்ல. கருமணியை இமை மறைத்திருந்தால், இளவயதில் அக்கண் பார்க்கப் பழகாமலே மங்கிவிடும். பின்பு இமையைத் தூக்கினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. திருநீறு பூசுங்கள்; நேர்த்தியும் வையுங்கள். அத்துடன், ஒருநாட் பேர் போனாலும் போகட்டுமென்று, பிள்ளையை அரசாங்கக் கண் வைத்தியரிடம் தாமதியாது கொண்டு செல்லுங்கள். அங்கு சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

சுசுருதர் தீராதென்று எழுதிய ஏட்டை, கற்ற கைகள் திருத்தி எழுதிவிட்டன. அக்கைகளுள் நம் கைகளும் சேர்வனவாக! வாழ்க சுசுருதர் புகழ்!