மலையை விடாத மூதாட்டி

கெங்கவல்லியினின்று தெற்கே நோக்குவார்க்குப் பச்சைமலையும், மேற்கே செல்வார்க்குக் கொல்லிமலையும், ஆத்தூரைக் கடந்தால் கல்ராயன் மலையும் தோன்றும். சமவெளியினிடையே தனித்தனியே எழுந்து நிற்கும் இக்குன்றங்களின் கரும்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையது. இன்று கொல்லிமலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகளுடன் சாலையுண்டு. எவ்லின் பிராண்டு அம்மையார் வந்த காலத்தில் ஒற்றையடிப் பாதையன்றி வேறில்லை.

1879-இல் இலண்டனிற் செல்வ வணிகர் இல்லத்திற் பிறந்த அவர், ஓவியம் பயின்றவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஊழியரை மணந்து, அன்றே மழையில் நனைந்து மலையேறினார். ஜெஸ்ஸி கட்டடக் கலையறிந்தவர். ஓராண்டே வைத்தியம் கற்றவர். கறையான் அஞ்சித் தூண்கள்மேல் மரவீடு அமைத்தார். மலைமக்கள் கிணற்று நீரில் இறங்கி நின்று மொண்டமையால் நரம்புச்சிலந்தி பரவிற்று. அவர் நோயாளர் காலினின்று புழுவை மெல்ல இழுத்தெடுத்ததோடு அமையாது, கிணறுகளுக்குக் கற்சுவர் எழுப்புமாறும் வற்புறுத்தினார். மருந்தினும் சுவரே பெரிதென்பது நம் கருத்து.

ஐந்து மலைத்தொடர்களிலும் பணியாற்றுவதென இருவரும் உறுதிகொண்டிருந்தனர். முதல் மலை முடியுமுன்னரே, 1929-இல், கருநீர்ச் சுரம் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. மக்கள் இருவரும் இங்கிலாந்திற் கல்வி பயின்றுகொண்டிருந்தனர். அவருள் மூத்தவரே பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் செப்பனிட்டுப் புகழ்பெற்ற பால் பிராண்டு.

கைம்பெண்ணான அம்மையாரைச் சங்கத்தார் சமவெளியில் அமர்த்தினர். விடுமுறை வாய்க்குந்தோறும் அவர் மலைமேற் கூடாரமடித்தார். அறுபத்தெட்டாம் அகவையில் ஓய்வு பெறுமாறு கூறியபோது, ஓராண்டு மட்டும் மலையில் இருக்க அனுமதி வேண்டினார். அவர்களும் அரைமனத்துடன் இசைந்தனர். ஆண்டு முடிந்ததும் சங்கத்தினின்று விலகிய அம்மையார், மலையினின்று மட்டும் இறங்கவில்லை! இது தந்திரமென்பார் சொல்லிக்கொள்க. பச்சைமலையும் கல்ராயனும் அதன் பின்னரே அவருக்கு வாய்த்தன.

குதிரைமேற் சென்றார், விழுந்து எலும்பு முறிந்தார், மூங்கிற் கோல்கள் இரண்டை ஊன்றி மீண்டும் நடந்தார். ஓவியம் பயின்ற அவர், இருபது ஆண்டுகளுக்குமேல் தம் இல்லத்தில் கண்ணாடி வைத்ததில்லை.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் அகவையில், இறந்தார். பேழை வேண்டாமென்று முன்னரே கூறியிருந்தமையால், பருத்தித் துணியிற் பொதிந்து வாழவந்தியில் கணவர் கல்லறையருகே அடக்கம் செய்தனர்.