தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார்

வேங்கட மலையைத் தமிழகத்தின் வடவெல்லை என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். அம்மலையில் நின்று வாழ்நாள் முழுதும் பாடிய தெலுங்குப் புலவர் ஒருவரை நாம் அறியாதிருப்பது முறையன்று. அவர் வரலாற்றை நான் எழுத முற்பட்டது அவருடைய பக்திச் சிறப்புக்காக மட்டுமன்று. அவர் பாடல்களுக்குப் பின்னாளில் நேர்ந்த கதிக்காகவுந்தான்.

கடப்பைப் பகுதியில் உள்ள தாளப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1408-இல் பிறந்தார் அன்னமாச்சாரியார். தந்தை நாராயணசூரி, தாய் லக்கமாம்பாள். இளமையிலேயே வீட்டைத் துறந்து திருமலைக்கு நடந்தார். அகோபிலத்துச் சடகோப ஜீயரிடம் வைணவம் கற்றார். ஆழ்வார்களின் தமிழ் அவர்தம் தெலுங்கில் ஊறிக் கிடப்பதற்கு அதுவே வாயில் என்று கருதுகிறேன். மனைவி திம்மக்காவும் புலவர். சுபத்திரை கலியாணத்தைப் பாடியவர்.

சாளுவ நரசிம்மன் தன்மீதும் ஒரு பாடல் பாடுமாறு கேட்டான். புலவர் மறுத்தார். விலங்கு பூட்டினான், அவர் பாட, விலங்கு கழன்றது என்று பேரர் சின்னன்னா எழுதிய வரலாறு கூறுகின்றது. விலங்கு கழன்றதோ இல்லையோ, மறுத்த அந்த நெஞ்சுரம் எனக்குப் போதும்!

1424 முதல் 1503-இல் மறையும் வரை அவர் பாடினார் எனச் செப்பேடு குறிக்கின்றது. பாடியவை 32,000 என்பது மரபு. கீர்த்தனை இலக்கணத்தையும் வடமொழியில் வகுத்தார். அம்மூலம் அழிந்தது; பேரர் சின்னத் திருமலாச்சாரியார் செய்த தெலுங்கு வடிவமே எஞ்சியது. பாட்டனின் நூல் பேரன் பெயர்த்ததால் பிழைத்தது, பார்த்தீர்களா!

மகன் பெத்தத் திருமலாச்சாரியார் காலத்தில் பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்தனர். சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். ஓலையைச் செல் அரிக்கும்; செம்பை அரிக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசயநகரம் வீழ்ந்தது, ஆதரித்தோர் மறைந்தனர், அறையை நாடுவோரும் அருகினர்.

1801 முதல் 1843 வரை திருமலைக் கோயிலைக் கும்பினியாரே நடத்தினர். சித்தூரிலிருந்த வடஆர்க்காட்டு மாவட்ட அதிகாரிகள் கணக்கும் வழக்கமும் பிசகாமல் எழுதி வைத்தனர். 1821-இல் புரூஸ் என்பார் 42 விதிகள் கொண்ட ஒழுங்குமுறையே வகுத்தார். பணியாளர் கடமை முதல் எல்லாம் ஏட்டில் ஏறின. பாடல்கள் மட்டும் அறையிலேயே கிடந்தன. 1816-இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட கேம்பல், பழைய இலக்கண நூல் கிடைக்குமென்று நம்பி அச்செப்பேடுகளைப் பார்க்கச் செய்தார். ஓர் இலக்கண நூலைத் தவிர மற்றவை துதிப்பாடல்களே என்றதும் ஆர்வம் அடங்கிவிட்டது! தேடிய பொருள் வேறாயின், கையில் கிடைத்த புதையலும் கல்லாகிவிடுகிறது.

1922-ஐ ஒட்டி ஏடுகள் மீண்டும் வெளிச்சம் கண்டன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியும், பின்னர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் அவற்றைப் படித்து அச்சேற்ற உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகத்தின் பெயர் மட்டுமே இருந்தது, இசைக்குறிப்பு இல்லை. மெட்டைச் செம்பில் வெட்ட முடியவில்லை. அது வாயிலிருந்து செவிக்குச் செல்ல வேண்டியது.

நம் தேவாரமும் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்ததன்றோ? அங்கே பண்ணை மீட்டுத் தர, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருந்தாள் என்கிறது புராணம். அன்னமாச்சாரியாரின் ஆயிரமாயிரம் மெட்டுகளை மீட்டுத் தர அப்படி ஒருவர் இல்லை. ஆகவே இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாகவே மெட்டமைத்தனர். இன்று கச்சேரிகளில் நாம் கேட்டு உருகுவது பெரும்பாலும் 15-ஆம் நூற்றாண்டுச் சொல். 20-ஆம் நூற்றாண்டு இசை.

ஒன்று மட்டும் அறைக்குள் அடைபடவில்லை. இரவில் திருமலையில் நடை சாத்துமுன் நடக்கும் ஏகாந்த சேவையில், தாளப்பாக்கத்து வழியினர் ஒருவர் இன்றும் தாலாட்டுப் பாடுகிறார்.