கட்டிலருகே கற்பித்த பேராசான்

கனடா நாட்டுச் சிற்றூரொன்றில் 1849ஆம் ஆண்டு, பாதிரியார் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தவர் வில்லியம் ஒஸ்லர். நோயாளியின் கட்டிலருகே மாணாக்கரை நிறுத்தி மருத்துவம் பயிற்றிய பேராசான். இருதய வால்வு அழற்சி பற்றி 1885இல் இலண்டனில் அவர் ஆற்றிய விரிவுரைகள் புகழ்பெற்றவை.

ஈறு முதலியவற்றின் வழியே இரத்தத்திற் புகும் கிருமி, முன்னரே பழுதுற்ற வால்வை எளிதிற் பற்றும். விடாத காய்ச்சலும் மெலிவும் தோன்றும். இருதயத்தில் முரலொலி கேட்கும். சிலருக்கு விரல் நுனியில் நோவுடைய சிறுகணு எழும். அக்கணு இன்றும் ஒஸ்லர் பெயராலேயே வழங்குகின்றது. நோயை அறிந்தாரேயன்றி, அதனைத் தீர்க்கும் மருந்தை அவர் காணவில்லை. 1919இல் அவர் மறைந்தார். பெனிசிலின் வந்தது பின்னரே.

இன்று மருந்துண்டு. ஆயினும் காய்ச்சலென்றால் மாத்திரை விழுங்கி வயலில் இறங்குவோர் நம் கண்டாவளையிலும் உளர். வால்வு பழுதுடையோர், காய்ச்சல் நீடிப்பின், கிருமிக்கொல்லி உண்ணுமுன்னரே இரத்தத்தைச் சோதிப்பித்தல் கடன்.