பாலும் ஆப்பிளும்: ஜார்ஜ் ஆர்வெல் வாழ்வு

ஆங்கில உரைநடையின் எளிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஜார்ஜ் ஆர்வெல் நம் நாட்டில் பிறந்தவர் என்பதை மாணவர் பலர் அறியார். பீகாரின் மோதிஹாரியில் 1903 ஜூன் 25ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். தந்தையார் ஆங்கில அரசின் அபினித் துறை அலுவலர். மறு ஆண்டே அன்னையாருடன் இங்கிலாந்து சென்ற அவர், ஈட்டன் பள்ளியில் பயின்று, 1922இல் பர்மாவில் காவல்துறை அதிகாரியானார். ஐந்தாண்டுகளில் அப்பணியை வெறுத்து உதறினார். பின்னர் பாரிசிலும் இலண்டனிலும் வறியவரோடு வறியவராக வாழ்ந்து எழுத்தாளரானார்.

அவர் வாழ்வின் திருப்பம் ஸ்பெயினில் நேர்ந்தது. 1936 டிசம்பரில் அங்குச் சென்று, பிராங்கோவை எதிர்த்த குடியரசின் பக்கம் நின்று, ஒரு சிறு மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்தார். அன்றைய பார்சிலோனாவில் மக்கள் ஒருவரையொருவர் தோழர் என விளித்தனர். படைத்தலைவருக்கும் வீரருக்கும் ஒரே ஊதியம். சில திங்கள் கழித்துப் போர்முனையிலிருந்து மீண்டபோது செல்வர்க்கு விருந்தும் ஏழையர்க்கு ரொட்டி வரிசையுமாக நகரம் மாறியிருந்தது. 1937 மே மாதத்தில் பகைவர் குண்டு அவர் தொண்டையைத் துளைத்தது. பிழைத்து வந்தவரைத் துரத்தியவரோ பகைவர் அல்லர். ஸ்டாலின் சார்பினரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்த சொந்தப் பக்கத்துக் காவலர். கட்சி தடைசெய்யப்பட்டது, தோழர் பலர் சிறை புகுந்தனர். மனைவி ஐலீனுடன் ரயிலேறித் தப்பினார் ஆர்வெல்.

அந்தக் காயமே 'விலங்குப் பண்ணை' ஆயிற்று. 1943 இறுதியில் தொடங்கிச் சில திங்களில் எழுதி முடித்தார். உரிமையாளனை விரட்டிய விலங்குகள் சமத்துவச் சட்டங்களைச் சுவரில் எழுதுகின்றன. பின்னர் அவை இரவோடு இரவாகத் திருத்தப்படுகின்றன. ஓயாது உழைத்த குதிரை இறுதியில் இறைச்சிக்காரனுக்கு விற்கப்படுகிறது. ஆயினும் கதையின் திருப்புமுனை இவற்றுள் எதுவும் அன்று. பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தமக்கே வைத்துக்கொண்ட இடமே என்று நண்பர் ஒருவருக்குப் பின்னாளில் எழுதினார். அவ்விடத்தை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அங்கே வன்முறை இல்லை; வேட்டைநாய்கள் இன்னும் வரவில்லை. எதற்கும் முரண்படும் இரு தலைமைப் பன்றிகளும் இதில் மட்டும் உடன்படுகின்றன. அறிவால் உழைப்போரின் உடல்நலம் காக்கவே அவ்வுணவு என்று விளக்கம் தரப்படுகிறது; பழைய எசமான் திரும்பிவிடுவான் என்ற அச்சமும் ஊட்டப்படுகிறது. மற்ற விலங்குகள் வாய்மூடிக்கொள்கின்றன. இந்நூலை ரஷ்யாவைப் பழித்த நூலென்று மட்டும் கொள்வது குறைப்பார்வையே. ஆர்வெல் இறுதிவரை சமதர்மவாதியாகவே வாழ்ந்தார்.

சோவியத் நாடு அன்று பிரிட்டனின் போர்த்துணை. ஆதலின் பதிப்பாளர் பலர் மறுத்தனர். ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் மறுத்தவர் கவிஞர் எலியட். 1944இல் ஜெர்மானியர் குண்டால் வீடு இடிந்தபோது கையெழுத்துப் படி இடிபாடுகளுக்குள் கிடந்து மீண்டது. நூல் 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. அதனைக் காண ஐலீன் இல்லை. அவ்வாண்டு மார்ச்சிலேயே மறைந்துவிட்டார்.

1947இல் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியருக்காக அவர்தம் மொழியில் நூல் அச்சாயிற்று. ஆர்வெல் ஊதியம் பெறாமல் தனி முன்னுரையும் எழுதித் தந்தார். அப்படிகளுள் பலவற்றை அமெரிக்க இராணுவத்தினர் பறித்துச் சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். காசநோயுடன் போராடியவாறே அடுத்த நாவலை முடித்த ஆர்வெல், 1950 ஜனவரி 21ஆம் நாள் இலண்டன் மருத்துவமனையில் தம் 46ஆம் வயதில் காலமானார்.