வேலி தாண்டிய சிறுமி!

குட்டீஸ்... தெருவில் வரிசையாகச் செடி வேலிகள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு சிறுமி, அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி ஓடினாள். அதுவே அவளுக்குப் பயிற்சி! அவள்தான், பின்னாளில், 'பேப்' என்று உலகமே அழைத்த மில்ட்ரெட் டிட்ரிக்சன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், 1911 ஜூன் 26ல் பிறந்தார். பெற்றோர், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா தச்சுத் தொழிலாளி. வீட்டில் ஏழு பிள்ளைகள்.

பியூமான்ட் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, குள்ளமாக இருக்கிறார் என்று, கூடைப்பந்து அணியில் முதலில் சேர்க்கவில்லை. பேப் விடவில்லை. தினமும் பயிற்சி செய்து அணியில் இடம் பிடித்தார். சீக்கிரமே அதன் நட்சத்திரம் ஆனார். அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒரு காப்பீட்டு நிறுவனம், வேலை கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக் கொண்டது. 1931ல், அந்த அணி தேசிய சாம்பியன்!

அடுத்த ஆண்டு, தேசியத் தடகளப் போட்டி. மற்ற அணிகளில் பல வீராங்கனைகள்; பேப் அணியிலோ, அவர் ஒருவர்தான்! எட்டுப் போட்டிகளில் கலந்து கொண்டார். ஐந்தில் முதலிடம், உயரம் தாண்டுதலில், ஜீன் ஷைலி என்பவருடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். 30 புள்ளிகளுடன் அணிக் கோப்பையும் அவருக்கே. இரண்டாவதாக வந்த அணியில், 22 பேர் இருந்தும் 22 புள்ளிகள்தான்!

அதே 1932ல், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்கள் மூன்று தனிநபர் போட்டிகளுக்கு மேல் கலந்து கொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. ஈட்டி எறிதலிலும், 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்கம் வென்றார், பேப்.

மூன்றாவது, உயரம் தாண்டுதல். பேப், ஜீன் ஷைலி இருவருமே, 1.65 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தனர். ஆனால், பேப் தாண்டும்போது, உடலுக்கு முன் தலை கம்பியைக் கடந்தது. அது விதிக்குப் புறம்பானது என்றனர் நடுவர்கள். கிடைத்தது வெள்ளி! பின்னாளில், அந்த விதியே நீக்கப்பட்டு விட்டது. இன்று, உயரம் தாண்டும் வீரர்களைப் பாருங்கள்... தலைதான் முதலில் போகும்!

பேப் அதோடு ஓய்ந்து விடவில்லை. கோல்ப் மட்டையைக் கையில் எடுத்தார். அதிலும் சாம்பியன் ஆனார். 1953ல், குடலில் புற்றுநோய். பெரிய அறுவை சிகிச்சை. இனி ஆட மாட்டார் என்றே பலரும் நினைத்தனர். அடுத்த ஆண்டே, அமெரிக்க பெண்கள் ஓப்பன் கோல்ப் போட்டியில், 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார்!

ஆனால், நோய் திரும்ப வந்தது. 1956 செப்டம்பர் 27ல் மறைந்தார். அப்போது வயது 45தான்.

குள்ளம், ஒல்லி என்று யாராவது உங்களை ஒதுக்கினால் அழாதீர்கள், குட்டீஸ். பேப் தாண்டிய அந்த வேலிகளை நினைத்துக் கொள்ளுங்கள்!