நாதசுவரச் சக்கரவர்த்தி இராசரத்தினம்

பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனிடம் வெகுண்டு பேசிப் புறப்பட எழுந்தவர் ஔவையார். தகடூர் மண் கண்ட அந்தத் தன்மதிப்பு பிற்காலத்து இசைவாணர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. நாதசுவரக் கலைஞர் நிலையோ பெரிதும் இரங்கத்தக்கது. கோயில் வீதியிலும் திருமண ஊர்வலத்திலும் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். செல்வர் முன்னிலையில் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவான் மேடையில் அமர்ந்து பாடுவார். அதே இராகத்தை விடிய விடிய ஊதுபவர் நிற்பார். இம்முறைக்குத் தலைவணங்க மறுத்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை.

1898ஆம் ஆண்டு திருமருகலில் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனும் திருவாவடுதுறை ஆதீன வித்துவானுமாகிய நடேச பிள்ளை அவரைத் தம் மகனாக ஏற்றார். முதலில் பயின்றது திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டு. அந்த அடிப்படை அவரது வாசிப்பில் இறுதிவரை ஒலித்தது.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி உயர்வு. தெருக்கோடி வரை கேட்கும். அரங்கினுள்ளே காதைத் துளைக்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறத்தால் ஆச்சா மரத்தில் கடையப்பெற்ற நீண்ட பாரி நாயனத்தை இராசரத்தினம் கையில் எடுத்தார். குழல் நீண்டால் சுருதி தாழும். மூச்சு மிகுதியாகச் செலவாகும். ஆயின் மனிதக் குரலுக்கே உரிய குழைவு அதில் கைகூடும். அவர் வாசித்த தோடி அதற்குச் சான்று. இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் அடங்கிய தோடியே ஊர்தோறும் ஒலித்தது; நேரில் கேட்டவர்க்கோ அது மணிக்கணக்கில் விரிந்தது. ஆலாபனை முன்னரே எழுதிவைத்த பாட்டன்று, அந்தக் கணத்தில் பிறப்பது. ஆசுகவி பாடுவோர் அந்த அருமையை அறிவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) திரைப்படத்தில் ஆசுகவி காளமேகமாகவே அவர் நடித்தது எத்துணைப் பொருத்தம்!

குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். ஷெர்வானி அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசித்தார். செருக்கர் என்றனர் பலர். செருக்கு இருந்தது, முன்கோபமும் மதுப்பழக்கமும் இருந்தன, ஈட்டிய பொருள் கையில் தங்கவில்லை. மறைப்பதற்கில்லை. எனினும் அந்தச் செருக்கின் பயனைப் பின்வந்த நாதசுவரக் கலைஞர் அனைவரும் துய்த்தனர். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் தில்லியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவுக்குச் செங்கோல் வழங்கப்பெற்றபோது ஒலித்தது இராசரத்தினத்தின் நாதசுவரமே.

அவர் ஆசிரியராக விளங்கிய விதமும் தனி. நெல்லைச் சீமையைச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலத்தை உடன் அமர்த்தி இரண்டாம் நாயனம் வாசிக்கச் செய்தார். மேடையே பள்ளிக்கூடம். குரு விட்ட இடத்தைச் சீடர் அந்த நொடியே தொட வேண்டும். தடுமாறினால் திரண்டிருக்கும் கூட்டம் முழுதும் அறியும். பிழையை மறைக்கத் திரையில்லாத அந்தப் பயிற்சியிலேதான் மற்றொரு மேதை உருவானார்.

1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் இராசரத்தினம் மறைந்தார். ஆறாண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்தோடியது காருகுறிச்சியாரின் நாதசுவரம். குரல் எது, குழல் எது எனக் கேட்டவர் மயங்கினர். 1964இல், தம் நாற்பத்து மூன்றாம் அகவையில், அவரும் கண்மூடினார்.