கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும் கணிப்பொறிப் பூச்சியும்

கணிப்பொறி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுபோவதும், மறுபடி போட்டால் சிறிது நேரத்தில் மறுபடியும் நிற்பதும் இன்று பல வீடுகளில் நடப்பவைதாம். இத்தகைய கோளாற்றை ஆங்கிலத்தில் பக் என்பார்கள். பக் என்றால் பூச்சி. கோளாற்றைத் தேடிக் கண்டு நீக்குவதற்கு டீபக்கிங் என்று பெயர். இச்சொற்களைக் கேட்டதும் கணிப்பொறித் துறையினர் நினைத்துக்கொள்வது ஓர் அம்மையாரை. அவர் அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்த கிரேஸ் ஹாப்பர்.

இவர் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலில் ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதற்கு விடை காண இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டார். தாயார் அடித்ததாகத் தெரியவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் கழற்றலாம் என்று அளவு மட்டும் வகுத்தார். நம் வீடுகளாயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தோழியர் ஊகித்துக்கொள்ளலாம்!

வாஸர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது இலத்தீனில் மதிப்பெண் குறைந்ததால் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சேர்ந்து, 1928 இல் கணிதமும் இயற்பியலும் கற்றுத் தேறினார். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாஸர் கல்லூரியிலேயே ஆசிரியையாகவும் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல், எடையோ தேவையானதற்கு 15 பவுண்டு குறைவு. ஆயினும் சிறப்பு அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 37.

1944 இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு எய்க்கன் என்பவரின் தலைமையில் மார்க் 1 என்னும் பொறி கடற்படைக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி. நம் வகுப்பறைக்குள் அது அடங்காது. இவ்வளவு பெரிய பொறி ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல் மட்டுமே செய்யும். அதற்கான கட்டளைகளைக் காகிதச் சுருளில் துளைகளாக இடவேண்டும். ஒரு துளை தவறினாலும் விடை தவறும். அப்பொறியைக் கையாளும் முறையை 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடாக எழுதியவர் ஹாப்பர் அம்மையாரே.

போர் முடிந்தபின் அதே குழுவினர் மார்க் 2 என்னும் பொறியை இயக்கினர். அதில் ரிலே என்னும் மின் இணைப்புச் சாவிகள் வரிசை வரிசையாக இருந்தன. கோடை காலம், குளிர்சாதனம் இல்லாத பழைய கட்டடம், சன்னல்கள் திறந்தே கிடந்தன. 1947 செப்டம்பர் 9 ஆம் நாள் பொறி சரியாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துக்கொண்டே வந்தவர்கள் எஃப் பலகையில் 70 ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டு இறந்து கிடப்பதைக் கண்டனர். அதை இடுக்கியால் எடுத்து, அன்றாடக் குறிப்பேட்டில் பிற்பகல் 3.45 என்று நேரமிட்டு, ஒட்டுநாடாவால் ஒட்டி, பூச்சி உண்மையிலேயே அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என வேடிக்கையாகக் குறித்துவைத்தனர்.

இந்நிகழ்ச்சியால்தான் பக் என்ற சொல்லே பிறந்தது என்று பலர் எழுதுவது சரியன்று. அதற்கு எழுபது ஆண்டு முன்பே எடிசன் அச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். பூச்சியைப் பிடித்தவரும் ஹாப்பர் அல்லர், அவருடன் பணிபுரிந்தவர்களே. ஊர் ஊராகச் சென்று சுவையாகச் சொல்லிப் பரப்பியவர்தாம் அம்மையார்.

பூச்சியைவிடக் குறிப்பேடுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தந்தையரைக் கேட்டால் தெரியும். எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, என்ன செய்தபின் ஓடியது என்று லாக் புத்தகத்தில் எழுதாமல் ஷிப்டு மாறமாட்டார்கள். வீட்டுக் கணிப்பொறிக்கு மட்டும் நாம் ஏனோ அப்படிச் செய்வதில்லை. எங்கள் வீட்டுப் பொறி சென்ற கோடையில் அடிக்கடி நின்றது. வைரஸ் என்றார் ஒருவர், மின்னழுத்தம் என்றார் இன்னொருவர். கடையில் விண்டோஸை அழித்து இருமுறை புதிதாகப் போட்டுத் தந்தும் பயனில்லை. பணம் போனதுதான் மிச்சம். பொறியையே விற்றுவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதன்பின் நாங்கள் ஒரு 40 பக்க நோட்டை எடுத்து, நின்ற நேரம், போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது விளக்கு மங்கியதா என்று பத்து நாள் எழுதினோம். விடியற்காலையில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிற்பகலில் மட்டும் அரை மணிக்குள் நின்றது. விளக்கு மங்கியபோதெல்லாம் நிற்கவும் இல்லை. ஆகவே வைரஸும் அன்று, மின்னழுத்தமும் அன்று, வெப்பமே காரணம் என்று தோன்றியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறந்தால், பிராசஸரின் மேலுள்ள விசிறியில் தூசி கம்பளிபோல் அடைத்துக் கிடந்தது. பிரஷால் தட்டி எடுத்தோம். பழுது பார்க்கும் அண்ணன் காய்ந்துபோன பசையை மாற்றித் தந்தார். பொறி இன்றும் வீட்டில்தான் இருக்கிறது.

அம்மையாரின் பெரும்பணி பின்னரே வந்தது. 1949 இல் தனியார் நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் பொறியில் வேலை செய்தார். ஒரு நிரலில் சரியாக ஓடிய கட்டளைகளை இன்னொன்றுக்குக் கையால் எடுத்தெழுதும்போது எல்லாரும் பிழை விடுவதைக் கவனித்தார். எடுத்தெழுதும் வேலையைப் பொறியே செய்தால் என்ன என்று எண்ணி, 1952 இல் முதல் கம்பைலர்களில் ஒன்றான ஏ-0 வை உருவாக்கினார். அடுத்து, ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் ஃபுளோமேட்டிக் மொழி வந்தது. அதைப் பெரிதும் தழுவி 1959 இல் ஒரு குழு வகுக்கத் தொடங்கிய கோபால் மொழி உலகின் பல வங்கிகளில் இன்றும் வழங்குகிறது. அக்காலத்தில் இத்துறைக்கு வந்த பெண்களுள் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் ஒருவர். 1965 இல் அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஒரு கன்னியாஸ்திரீ என்பது நமக்குப் பெருமையன்றோ!

ஹாப்பர் அம்மையார் தம் அறையில் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று சொல்வோரை அவருக்குப் பிடிக்காது. ஒரு நானோ விநாடியில் மின்சாரம் செல்லக்கூடிய மிகுதியான தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை நறுக்கிக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார். 1966 இல் ஓய்வு கொடுத்த கடற்படை மறு ஆண்டே திரும்ப அழைத்துக்கொண்டது. இறுதியாக 1986 இல், 79 வயதில் ஓய்வு பெற்றார். அதன்பிறகும் ஒரு கணிப்பொறி நிறுவனத்திற்கு ஆலோசகராக இருந்து, 1992 ஜனவரி 1 ஆம் நாள் தமது 85 ஆம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்தக் குறிப்பேடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சியும் அதே பக்கத்தில், ஒட்டியபடியே இருக்கிறது.